எழுதப்படாத நாழிகைகள்

திருப்பூரிலிருந்து கோபிக்குச் செல்லும் சாலையும், சேலத்தைக் கொச்சியோடு இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையும் சந்திக்கும் பெருமாநல்லூரை, சுற்றிலும் பெருகிவிட்ட பனியன் கம்பெனிகளைக் கொண்டும், பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் சந்நிதியில் குண்டம் இறங்கத் திரளும் பக்தர்களைக் கொண்டும் அறிந்தவர்கள் ஏராளம்; ஆனால் 1970ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி இவ்வூரில் மூன்று விவசாயிகள் போலீஸாரின் துப்பாக்கிக்கு இரையானார்கள் என்பதை அறிந்தவர்கள், ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்களுக்கு அஞ்சலி செலுத்த வரும் விவசாய சங்கத்தாரைத் தவிர்த்தால், இன்றைய தலைமுறையில் மிகச் சிலரே இருப்பார்கள். கிணற்றுப் பாசன மின்சாரத்துக்கு யூனிட் ஒன்றுக்கு ஒரு பைசா கூடுதலாகக் கேட்ட அரசாங்கத்தை எதிர்த்து, நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் கொங்கு நாடெங்கும் கிளர்ந்த போராட்டத்தின் முதல் உயிர்ப்பலிகள் அவை. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990ஐ ஒட்டி எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம் என்றே ஆகிவிட்டது. 1970இல் முதலமைச்சராக இருந்த அதே கருணாநிதியின் ஆட்சிதான் அந்த இரண்டாவது ஆணையையும் பிறப்பித்தது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, ராஜாங்கத்தின் கொள்கை இருபது ஆண்டுகளில் தலைகீழாக மாறக்கூடியது, தோட்டாவின் விளைவு மட்டும் மாறாதது என்கிற சாமானிய உண்மை இந்த ஊர் மண்ணில் நின்று யோசிப்பவனுக்குச் சற்று அதிகமாகவே உறைக்கும்.

அதே ஜூன் 19ஆம் தேதி, சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2020இல், தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்தும் கடை திறந்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட வணிகர் ஒருவரும், அவரைத் தேடிப் போன அவருடைய மகனும் காவல் நிலையத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகனும், மறுநாள் காலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் மாண்டார்கள். தேதிகளின் ஒற்றுமையில் அர்த்தம் காண்பது சோதிடர்களின் தொழில். அதில் எனக்கு நாட்டமில்லை. என்றாலும், முன்னது பட்டப்பகலில் சாலையில் நடந்தது, பின்னது இரவில் நான்கு சுவர்களுக்குள் நடந்தது. முன்னதை ஊரே பார்த்தது, பின்னதைப் பார்த்தவர்கள் அனேகமாகப் போலீஸார் மட்டுமே. பிரஜையின் உரிமைக்கும் போலீஸாரின் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் இந்த இரண்டு இடங்களையும், அதாவது தெருவையும் ஸ்டேஷனையும், சேர்த்தே பார்க்க வேண்டும். என் அபிப்பிராயம், இவ்விரண்டில் ஸ்டேஷனே மூலஸ்தானம் என்பது.

இந்த அதிகாரத்தின் பிறப்புச் சரித்திரம் விசித்திரமானது. கம்பெனி ஆட்சியின் கடைசிக் காலத்தில், சென்னை ராஜதானியில் நிலவரி வசூலிப்பதற்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் குடிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற முறையீடு லண்டன் பார்லிமெண்டு வரை சென்று எட்டியதால், 1854இல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கொண்ட விசாரணைக் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. நேரிலும் கடிதத்திலுமாகச் சுமார் 2,000 முறையீடுகள் அதன் முன் வந்து குவிந்தன. மறு ஆண்டு வெளியான அதன் அறிக்கையில், விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டியும், கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்த நிலையில் வெயிலில் நிறுத்திவைக்கும் அண்ணாந்தாளும், நம் தமிழ்ப் பெயர்களோடேயே இடம் பெற்றிருக்கின்றன. ஆங்கில அறிக்கைக்குள் நம் மொழி புகுந்த மார்க்கங்களில் இதைவிட வெட்கக்கேடானது வேறு இருக்குமா என்பது சந்தேகமே. துரைமார்கள் நிரபராதிகள், சுதேசிச் சேவகர்களே குற்றவாளிகள் என்று அந்த அறிக்கை சௌகரியமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்பது ஒருபுறமிருக்க, வரி வசூலிக்கும் கையிலேயே குற்றம் விசாரிக்கும் அதிகாரத்தையும் கொடுத்து வைத்ததுதான் வினை என்று அது கண்டுகொண்டது. அதன் பயனாக, ரெவின்யூ இலாகாவிலிருந்து பிரித்தெடுத்த தனிப் போலீஸ் படை 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை ராஜதானியில் அமைந்தது. நாடு முழுமைக்குமான போலீஸ் சட்டம் வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான்.

ஆகவே, சித்திரவதைக்குப் பரிகாரமாகப் பிறந்த ஸ்தாபனம் நம்முடைய போலீஸ். இதை நம் போலீஸ் பயிற்சிக் கல்லூரிகளில் எத்தனை ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்களோ தெரியாது. சொல்லித் தந்தால் நல்லது. பரிகாரமாகப் பிறந்தது நோயையே தன்னுள் வாங்கிக்கொண்ட கதையை அடுத்த தலைமுறைகள் கண்டன. 1932 ஜனவரி 10ஆம் தேதி திருப்பூர் வீதியில் கொடியேந்தி வந்த குமரனின் மண்டையைப் பிளந்த தடி, அந்த 1859ஆம் ஆண்டின் வாரிசு ஏந்திய தடிதான். மறுநாள் அவர் உயிர் பிரிந்தது. 1947இல் கொடி மாறியது, அரசியல் சாசனம் வந்தது, கைது செய்யப்பட்டவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அதன் 22ஆம் பிரிவு எழுதி வைத்தது. ஸ்டேஷனுக்குள்ளோ, பழைய பழக்கம் பழைய இடத்திலேயே இருந்தது.

அது எப்படி இருக்கிறது என்பதை நம் பக்கத்து வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஈட்டிவீரம்பாளையத்து ஆயத்த ஆடைப் பூங்காவிலோ, அதன் அக்கம்பக்கத்துக் கம்பெனி ஒன்றிலோ ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் லைன் வீட்டுக்குத் திரும்புகிறான் ஒரிசாவிலிருந்து வந்த ஓவர்லாக் டைலர் ஒருவன். பக்கத்து அறையில் கைப்பேசி காணாமல் போயிருக்கிறது. மப்டியில் வந்த இருவர், "சும்மா ஒரு விசாரணைதாப்பா, காலைல அனுப்பிச்சர்றோம்" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஸ்டேஷனில் அவன் பெயரை யாரும் எழுதுவதில்லை. அவன் கைதியல்ல, சாட்சியல்ல, புகார்தாரனும் அல்ல. ஏட்டு கேட்பதற்கு அவனுக்குப் பதில் தெரியாது, தெரிந்தாலும் பாஷை தெரியாது. விடிந்ததும் அவனை வேலைக்குச் சேர்த்த காண்ட்ராக்டர் வந்து, பேச வேண்டியதைப் பேசி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து அழைத்துப் போகிறார்; கொடுத்த தொகை சனிக்கிழமைச் சம்பளத்தில் கழிகிறது. அந்த இரவு எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை. அவன் கன்னத்தில் அறை விழுந்திருந்தாலும் இல்லை, விழாமலிருந்தாலும் இல்லை. அடிக்காத போலீஸ்காரர் பலர் உண்டு, அதை மறுப்பது அநியாயம். ஆனால் அடித்தவரையும் அடிக்காதவரையும் பிரித்துக் காட்டுவதற்கு ஒரு வரி எழுத்துகூட இல்லாத நிலையில், நல்லவருடைய நன்மை அவருடைய சுபாவமாக மட்டுமே நின்றுவிடுகிறது. பிரஜையின் உரிமை, ஒருவருடைய சுபாவத்தை நம்பி வாழ வேண்டியதாகிவிடுகிறது.

சட்டத்தைப் பார்த்தாலோ, இந்த 'சும்மா விசாரணை' என்ற ஒன்று அதில் கிடையவே கிடையாது. சாட்சியாக ஒருவரை அழைப்பதானாலும் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்திருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. பெண்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும், 15 வயது நிரம்பாத சிறுவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. ஏழு ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய குற்றங்களில் அவசியமில்லாமல் கைது செய்யாதீர்கள், முதலில் நோட்டீஸ் கொடுங்கள் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைப்பேசித் திருட்டு அந்த வகையைச் சேர்ந்ததுதான். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, மேற்கு வங்கத்துச் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே. பாசு, லாக்கப் மரணங்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு 1986இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய ஒரு கடிதம் வழக்காக மாறி, பத்தாண்டுகள் கழித்து 1996 டிசம்பரில் தீர்ப்பானது. கைது செய்கிறவர் சட்டையில் பெயர்ப்பட்டை தெளிவாக இருக்க வேண்டும். கைது செய்த நேரமும் தேதியும் குறித்த குறிப்பாணையில் குடும்பத்தாரோ ஊர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். உற்றார் ஒருவருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றெல்லாம் அதில் சொல்லப்பட்டிருப்பவற்றை ஊன்றிப் படித்தால், அத்தனையும் ஏறக்குறைய ஒரே காரியம்தான்: எழுது, எழுதியதை இன்னொருவருக்குக் காட்டு. போலீஸாரிடம் கருணையை நீதிமன்றம் யாசிக்கவில்லை, கணக்கைக் கேட்டது.

சாத்தான்குளத்தில் அந்தக் கணக்கு எப்படிப் பொய்த்தது என்பதை விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட்டின் அறிக்கை காட்டியது. ஸ்டேஷனில் கண்காணிப்புக் காமிராக்கள் இருந்தன, படங்களைச் சேமித்து வைக்கப் போதுமான இடமும் அந்தக் கருவியில் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றைக்கே தானாக அழிந்து போகும்படி அது அமைத்து வைக்கப்பட்டிருந்தது. காயப்பட்ட இருவரையும் காவலில் வைக்கத் தகுந்தவர்கள் என்று மருத்துவச் சான்று எழுதப்பட்டது. ரிமாண்டு உத்தரவு எழுதப்பட்டது. அவர்களே தரையில் புரண்டு காயம் தேடிக்கொண்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கையிலும் எழுதப்பட்டது. எழுத்துக்குக் குறைவில்லை, எழுதியதைச் சரிபார்க்கும் கண் மட்டும் அந்த இரவில் இல்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு, தடயங்களைக் காப்பதற்காக ஒரு காவல் நிலையத்தை ரெவின்யூ அதிகாரிகளின் வசம் ஒப்படைக்கும்படி உத்தரவிட வேண்டிய நிலை வந்தது. (1854ஆம் ஆண்டுக் கமிஷன் யாரிடமிருந்து யாரைப் பிரித்தது என்பதை நினைத்தால், சரித்திரத்துக்குப் பரிகாசம் செய்யவும் தெரியும் போலிருக்கிறது.) அந்த நிலையத்திலேயே பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், கண்டதைக் கண்டபடி மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிக் கையெழுத்திட்டாரே, அந்தக் கையெழுத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே இட்டாரே, காவல்துறை தன் பயிற்சி வகுப்புகளில் வைத்துக் கொண்டாடத் தகுந்த வீரம் அதுதான் என்று நான் கருதுகிறேன்.

அதே 2020 டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய காமிராக்கள் வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதங்கள் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் வழக்கில் ஆணையிட்டது. ஐந்து ஆண்டுகள்கூட நிறையவில்லை. 2025 ஜூன் மாதக் கடைசியில், சிவகங்கை மாவட்டம் மடப்புரத்துக் காளி கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞர் ஒருவர், பக்தை ஒருவரின் காரிலிருந்து நகை காணாமல் போனது சம்பந்தமாகத் தனிப்படையினரால் விசாரிக்கப்பட்டு மாண்டார். பிரேதப் பரிசோதனையில் நாற்பதுக்கு மேற்பட்ட காயங்கள் கண்டறியப்பட்டன. இங்கே நாம் கவனிக்க வேண்டியது, அவரை அடித்த இடம் காமிரா உள்ள ஸ்டேஷன் அல்ல என்பது. வேறு இடங்களில் வைத்து அடித்தார்கள், அதில் ஒரு பகுதியை யாரோ ஜன்னல் வழியே கைப்பேசியில் படமெடுத்ததால்தான் உலகம் அறிந்தது. காமிராவை ஸ்டேஷனில் மாட்டினால், அடி ஸ்டேஷனுக்கு வெளியே போகிறது. கருவியை மட்டும் நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். எழுதாமல் ஒருவரை வைத்திருக்கும் பழக்கத்தை ஒழிக்காதவரை, பூட்டுப் போடுகிற இடமெல்லாம் பின்வாசலாகிக்கொண்டே இருக்கும்.

தெருவில் நடப்பதற்கும் இதே நியாயம்தான். சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைப்பதற்கு முதலில் எச்சரிக்கை, பிறகு குறைந்தபட்ச பலம், வேறு வழியே இல்லாதபோது மட்டும் துப்பாக்கி, அதுவும் பொறுப்புள்ள அதிகாரியின் உத்தரவின்மேல் என்று விதிகள் இருக்கின்றன. 2018 மே 22ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போன மக்கள்மேல் தொடங்கி மறுநாளும் நீடித்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் மாண்டபோது, சுட உத்தரவிட்டதாக எழுத்தில் வந்த பெயர்கள் துணைத் தாசில்தார்களுடையவை என்பதைக் கண்டு நாடே வியந்தது. பின்னால் விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் அதிகாரிகள் பலர்மேல் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. நம் மாவட்டத்திலேயே, 2017 ஏப்ரல் 11ஆம் தேதி சாமளாபுரத்தில் மதுக்கடை வேண்டாமென்று மறியலில் உட்கார்ந்த பெண்களில் ஒருவரைக் கூடுதல் கண்காணிப்பாளர் பதவியிலிருந்த அதிகாரி கன்னத்தில் அறைந்தார். அந்த அறையும் எந்த ரிஜிஸ்தரிலும் ஏறியிருக்காது. சுற்றிலும் நின்றவர்களின் கைப்பேசியில் ஏறியதால் தேசமெல்லாம் பரவியது. இத்தனைக்கும் இதே போலீஸார்தான் பங்குனிக் குண்டத்தன்று, விடியற்காலையில் தீயில் இறங்கும் ஆயிரக்கணக்கானவர்களை ஒருவர்மேல் ஒருவர் விழாதபடி கயிறு பிடித்து, கைதாங்கி, குழந்தைகளைத் தூக்கிக் கொடுத்து, பொறுமையின் வடிவமாக நிற்கிறார்கள். கூட்டம் கூட்டம்தான்; வேண்டுதலோடு வரும்போது பக்தராகத் தெரிகிறவர், கோரிக்கையோடு வரும்போது மட்டும் ஏன் பகைவராகத் தெரிகிறார் என்பதை, அந்தப் பணிகள் இரண்டையும் செய்த ஒரு சப் இன்ஸ்பெக்டரே நிதானமாக யோசித்துச் சொன்னால் நாம் கேட்டுக்கொள்ளலாம்.

பழியை முழுவதும் போலீஸார்மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது யோக்கியமாகாது. கையிலோ காலிலோ மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் குற்றம் சாட்டப்பட்டவனின் படத்தைப் பத்திரிகையில் பார்த்து, 'கழிவறையில் வழுக்கி விழுந்துவிட்டானாம்' என்று கண்ணைச் சிமிட்டிச் சிரிக்கிறவர்கள் யார்? டீக்கடையில், கம்பெனி வாசலில், குடும்ப வாட்சப் குழுவில் அந்தச் சிரிப்பு நம்முடையதாகத்தான் இருக்கிறது. ஸ்டேஷன் கழிவறைகள் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மட்டும் எப்படி வழுக்குகின்றன என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. அந்தக் கேள்வியை நாம் கேட்கவில்லை. திருட்டுப் போனால் 'நாலு தட்டு தட்டுங்க சார், உண்மை வந்துரும்' என்று சிபாரிசு செய்கிறவர்களாகவே இருக்கிறோம். மடப்புரத்து இளைஞர்மேல் கை வைத்தவர்களுக்குப் பின்னால், சீக்கிரம் நகை கிடைத்தாக வேண்டும் என்ற ஓர் அவசரம் இருந்தது. அத்தகைய அவசரத்தைப் போலீஸாருக்கு ஊட்டுகிறவர்களில் செல்வாக்குள்ளவர்கள் மட்டுமல்ல, சாமானியர்களும் இருக்கிறார்கள். அடிபட்டவன் நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கும்போதுதான் 22ஆம் பிரிவு நமக்கு ஞாபகம் வருகிறது.

போலீஸ்காரருக்கும் உரிமை இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது இந்த இடத்தில் பொருத்தம். தேர்தல், திருவிழா, மந்திரி வருகை, கோர்ட் டூட்டி, இரவு ரோந்து என்று ஓய்வில்லாமல் சுழலும் காவலருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்பு என்று 2021இல் அரசு உத்தரவு போட்டது. அந்த நாளை உத்தரவின்படியே அனுபவிக்கிறவர் எத்தனை பேர் என்று எந்த ஸ்டேஷன் பாராவில் நிற்பவரையும் கேட்டுப் பார்க்கலாம், மெதுவாகச் சிரிப்பார். சங்கம் வைத்துக் கேட்கவும் 1966ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் அவரைக் கட்டிப்போடுகிறது. தன் உழைப்புக்கும் ஓய்வுக்கும் கணக்கே இல்லாத ஒருவரிடம், பிறருடைய சுதந்திரத்துக்குக் கணக்கெழுதச் சொல்கிறோம். இது அவர் அடிப்பதற்கு நியாயமாகாது என்பது வெளிப்படை. ஆனால் பதினாறு மணி நேரம் நின்றவர் பொறுமை இழப்பதை ஆச்சரியமாகக் காட்டி, மேலதிகாரிகள் தங்கள் பொறுப்பைக் கழற்றிவிட அனுமதிக்கக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

நல்லது நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். 2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்ற பொய்ச் செய்தி வடக்கே பரவி, ஹோலிப் பண்டிகையை ஒட்டி ஊர் திரும்பும் கூட்டம் திருப்பூர் ரயில் நிலையத்தில் பெருகியபோது, இங்குள்ள போலீஸார் உதவி எண்களை அறிவித்தார்கள், ஹிந்தி தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பேசினார்கள், பொய்யைப் பொய்யென்று உடனுக்குடன் மறுத்தார்கள். பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்துத் திருப்தியோடு போயிற்று. தொழிலாளரின் உயிர் அச்சத்தை மதித்து அவர் பாஷையிலேயே பேசிய அந்தச் சில நாட்கள், காவல் என்ற சொல்லுக்கு உரிய காரியத்தைச் செய்த நாட்கள். அதே உற்சாகத்தில், பொய்ச் செய்தி பரப்பியதாகக் கைதான பீகார் யூடியூபர்மேல் சாதாரணச் சட்டம் போதாதென்று தேசியப் பாதுகாப்புச் சட்டத்தையும் பிரயோகித்தார்கள். அதை அந்த ஆண்டே மதுரைக் கிளை ரத்து செய்தது. காப்பாற்றுவதிலும் ஒரு மிதம் வேண்டியிருக்கிறது.

அந்த மார்ச் மாதத்து ஹிந்தி, ஏப்ரல் மாதத்தில் ஸ்டேஷன் மேஜைக்கு ஏன் வரவில்லை என்பதே என் கேள்வி. கைதுக்கான காரணங்களை எழுத்து மூலமாக, கைதானவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும், ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னதாகவாவது தந்தாக வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹிந்தி, ஒரியா, வங்காளி பேசுகிற தொழிலாளர்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில், ஒரு பனியனை எப்படித் துவைக்க வேண்டும் என்பதை நாலைந்து ஐரோப்பிய பாஷைகளில் அச்சடித்து, விரல் நீளத் துண்டுத் துணியில் கழுத்தோரம் தைத்து அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, ஏன் கைது செய்யப்பட்டாய் என்பதை ஒரியாவில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுப்பது பெரிய வித்தையாக இருக்க நியாயமில்லை. ஏற்றுமதியாளர் சங்கங்களே மொழிபெயர்ப்புச் செலவை ஏற்க முன்வரலாம். ஒரு தையல்காரன் ஓர் இரவு காணாமல் போனால் மறுநாள் லைனில் ஒரு மெஷின் நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்த கணக்கு.

எழுதியதைப் பார்க்கும் கண் வெளியாருடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் மிச்சம். 2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில், போலீஸார்மேல் வரும் புகார்களை விசாரிக்க மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஓய்வு பெற்ற நீதிபதிகளின் தலைமையில் தனி ஆணையங்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தமிழ்நாடு 2013இல் சட்டம் இயற்றியது. இயற்றும்போது நீதிபதியை எடுத்துவிட்டு, மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும், மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டரையும் தலைவராக்கி, போலீஸ் உயர் அதிகாரிகளையே உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டது. உள்துறையின்மேல் வரும் புகாரை உள்துறையே விசாரிக்கும் இந்த ஏற்பாட்டை, அதன்பின் அமைந்த இரு கட்சி ஆட்சிகளும் பெருமனதோடு காத்து வந்தன. இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் அபிப்பிராய பேதமே இல்லை. சாமளாபுரத்துப் பெண்ணோ, ஈட்டிவீரம்பாளையத்து டைலரோ புகார் எழுத நினைத்தால், மாவட்டத்தின் சட்டம் ஒழுங்குக்கே பொறுப்பாளரான கலெக்டரிடம், அவருக்குத் தினமும் சல்யூட் வைக்கிற கண்காணிப்பாளர் பக்கத்திலிருக்க, கொடுக்க வேண்டும். இதை மாற்றப் புதிய தீர்ப்போ ஆராய்ச்சியோ தேவையில்லை. சட்டசபையில் ஒரு பிற்பகலில் நிறைவேறக்கூடிய சிறு திருத்தம் போதும். திருப்பூர் மாவட்டத்துச் சட்டசபை உறுப்பினர்கள், எந்தக் கட்சியாரானாலும், அந்தத் திருத்தத்தைக் கேட்டு ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவர முடியும். அடுத்த ஜூன் 19க்கு மாலையோடு பெருமாநல்லூருக்கு வருகிறவர்களிடம் அதைக் கொண்டுவந்தீர்களா என்று விவசாய சங்கத்தார் கேட்கவும் முடியும்.